சம்பளப் பட்டியல் நிரலுக்குத் தானியங்கிச் சோதனைகள் எழுதியது: ஒரு செய்முறைப் பதிவு

கோவைப் பகுதியில் இயங்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றின் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் பைதான் நிரலைப் பராமரிப்பது என் பொறுப்பு. மாதக் கடைசியில் கணக்காளர் வருகைப் பதிவேட்டை எக்செல் கோப்பாக அனுப்புவார். நிரல் அதைப் படித்து, ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியத்தையும் வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பிடித்தங்களையும் கணக்கிட்டு, சம்பளப் பட்டியலை இன்னொரு எக்செல் கோப்பாகவும் வங்கிக்கு அனுப்ப வேண்டிய தொகை விவரத்தைத் தனிக் கோப்பாகவும் எழுதித் தரும். எக்செல் கோப்புகளைத் திறப்பதும் எழுதுவதும் ஓப்பன்பைஎக்செல் என்ற ஆயத்த நிரல் தொகுப்பின், அதாவது நூலகத்தின், வழியாக நடக்கிறது. நிரல் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்கென ஒரு சோதனைகூட, அதாவது நிரலைத் தானே ஓட்டி விடையைச் சரிபார்க்கும் துணை நிரல் ஒன்றுகூட, எழுதப்பட்டிருக்கவில்லை. பஞ்சப்படியைக் கணக்கிடும் முறையை மாற்ற வேண்டிய தேவை வந்தபோது, நிரலில் கை வைப்பதற்கு முன் சோதனைகளை எழுதி முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பிறருடைய சம்பளத்தைத் தொடும் நிரலை நம்பிக்கையின் பேரில் மட்டும் மாற்றுவது முறையாகாது.

இத்தகைய நிரலுக்குச் சோதனை எழுத உட்காரும் பலரும் முதலில் எழுதுவது ஒரே மாதிரியான சோதனையைத்தான். நூலகத்தைக் கொண்டு ஒரு கோப்பை எழுதுவது, அதே நூலகத்தைக் கொண்டு அதைத் திறப்பது, எழுதிய மதிப்பும் படித்த மதிப்பும் ஒன்றா என்று பார்ப்பது. இந்தச் சோதனை பெரும்பாலும் வெற்றி பெறும். ஆனால் அது நம் நிரலைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. நூலகம் தான் எழுதியதைத் தானே படிக்கத் தெரிந்தது என்பதற்குமேல் அதில் செய்தி இல்லை. உண்மையில் நமக்கு வரும் கோப்பு கணக்காளரின் கணினியில், அவருடைய எக்செல் பதிப்பில், அவருடைய கை அசைவுகளால் உருவானது. நாம் எழுதும் கோப்பும் மீண்டும் அவருடைய எக்செல்லில்தான் திறக்கப்படும். ஆகவே, எழுதும் நூலகத்தையே ஒரே சாட்சியாக வைக்கும் சோதனைகளை இயன்றவரை குறைத்து, கோப்பே வேண்டாத சோதனைகளையும், வெளியில் உருவான கோப்பைக் கொண்டு நடத்தும் சோதனைகளையும் பெருக்குவது என்பதை இந்த வேலை முழுவதற்கும் அடிப்படையாக வைத்துக்கொண்டேன்.

கோப்பிலிருந்து கணக்கைப் பிரித்தல்

பழைய நிரலில் ஒரே நீண்ட செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) கோப்பைத் திறந்து, வரிசை வரிசையாக நகர்ந்து, செல்லில் இருந்ததை எடுத்து, அங்கேயே பெருக்கிக் கழித்து, விடையை இன்னொரு தாளின் செல்லில் எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குச் சென்றது. இந்த வடிவத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் சரியா என்று கேட்பதற்குக்கூட ஒரு முழு எக்செல் கோப்பைத் தயாரிக்க வேண்டும். எனவே அதை மூன்றாகப் பிரித்தேன். முதல் பகுதி கோப்பைப் படித்து, ஒவ்வொரு தொழிலாளருக்கும் ஒரு பதிவு என எளிய பைதான் பொருள்களின் பட்டியலைத் தரும். இரண்டாவது பகுதி அந்தப் பட்டியலை வாங்கிக் கணக்கிடும். அதற்கு எக்செல் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றாவது பகுதி கணக்கிட்ட பதிவுகளைக் கோப்பாக எழுதும். பிரிக்கும்போது கணக்கில் எதுவும் மாறிவிடக் கூடாது என்பதற்காக, முந்தைய மாதங்களின் உள்ளீட்டுக் கோப்புகளைப் பழைய நிரலில் ஓட்டிப் பெற்ற விடைகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிறு நகர்த்தலுக்குப் பிறகும் அவற்றோடு ஒப்பிட்டேன்.

பிரித்த பிறகு, கணக்குப் பகுதிக்கான சோதனைகள் மிக எளிதாகிவிட்டன. சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவியில் ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும் வசதி உண்டு. அதில் ஊதியமும் எதிர்பார்க்கும் பிடித்தமும் இணை இணையாக எழுதப்பட்டன. வரம்புகளின் இருபுறமும் மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். வருங்கால வைப்பு நிதியின் ஊதிய வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அதற்கு மேற்பட்ட ஊதியத்துக்கும் வரம்புத் தொகையில்தான் 12 சதவீதம் பிடிப்பது இந்தத் தொழிற்கூடத்தின் நடைமுறை. ஆகவே 15,000, 15,001 ஆகிய இரண்டுக்குமே 1,800 ரூபாய்தான் வர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளர் பங்கு 2019 ஜூலை முதல் 0.75 சதவீதம், ஊதிய வரம்பு 21,000. அதில் வரம்பைத் தாண்டிய உடனே பிடித்தம் நின்றுவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. ஏப்ரலில் வரம்புக்குள் இருந்த ஒருவருக்கு ஜூனில் ஊதியம் 21,500 ஆக உயர்ந்தாலும், செப்டம்பர் முடியும் வரை முழு ஊதியத்தின் மீதும் பிடித்தம் தொடர வேண்டும். அக்டோபரில்தான் அவர் வெளியேறுவார். இந்த விதி நிரலில் இருந்தது. எனினும் அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதுவரை இருந்த ஆதாரம் யாரும் புகார் சொல்லவில்லை என்பது மட்டுமே.

முழு ரூபாயாக்கும் இடத்தில்தான் சோதனைகள் முதல் பயனைத் தந்தன. வைப்பு நிதியில் ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் அடுத்த ரூபாயாக வேண்டும், இ.எஸ்.ஐ.யிலோ எந்தப் பின்னமும் அடுத்த ரூபாய்க்கு உயர வேண்டும். பைதானின் ரவுண்ட் செயற்கூறு, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்லும். எக்செல்லின் ரவுண்ட் சூத்திரமோ சரிபாதியைப் பூஜ்யத்திலிருந்து விலக்கி மேலே கொண்டுசெல்லும். ஓய்வூதியக் கணக்குக்குச் செல்லும் 8.33 சதவீதத்தை 15,000 ரூபாய்க்குக் கணக்கிட்டால் 1,249.50 வரும், பைதானும் எக்செல்லும் அதை 1,250 என்றே தரும், ஏனெனில் 1,250 இரட்டைப்படை. இந்த ஒரு மதிப்பை மட்டும் சோதித்தவர் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று நம்பிவிடுவார். ஊதியம் 12,537.50 என்று வைத்து 12 சதவீதம் கணக்கிட்டால் 1,504.50 வரும், அங்கே பைதான் 1,504 என்றும் எக்செல் 1,505 என்றும் சொல்லும். விதிப்படி 1,505தான் சரி. அரை நாள் விடுப்பு எடுப்பவர்களுக்கு ஊதியத்தில் ஐம்பது பைசா வருவது அரிதன்று.

மேல்நோக்கி உயர்த்தும் கணக்கில் இடர் வேறு வகையானது. பின்னங்களைத் தோராயமாகவே சேமிக்கும் பைதானின் சாதாரண மிதவைப் புள்ளி எண்ணில் 0.07ஐ 100ஆல் பெருக்கினால் 7 வராது; 7.000000000000001 வரும். அதை மேல்நோக்கி உயர்த்தினால் 8 ஆகிவிடும். எனவே பணத்தைத் தொடும் எல்லா இடத்திலும், பதின்மப் பின்னங்களைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையைப் புகுத்தி, இரண்டு பிடித்தங்களுக்கும் உரிய முழுமையாக்க விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு எழுதினேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெசிமல் எண்ணைச் செல்லில் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் நூலகம் அதை டெசிமலாகத் தராது. எக்செல் எண்களை மிதவைப் புள்ளியாகவே கருதுவதால், கோப்பிலிருந்து வரும் எண்ணை டெசிமலாக மாற்றும் வேலை படிக்கும் பகுதியின் வாசலிலேயே, ஒரே இடத்தில் நடக்க வேண்டும். அதற்கும் தனிச் சோதனை உண்டு.

படிக்கும் பகுதி

இந்த வேலையில் அதிக உழைப்பைக் கேட்டதும், அதற்குத் தகுந்த பலனைக் கொடுத்ததும் படிக்கும் பகுதிதான். எக்செல் கோப்பை அட்டவணை என்று நினைத்துக்கொண்டு அணுகுவதால் வரும் தொல்லைகள் பல. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உள்ளபடியே பல எக்ஸ்எம்எல் கோப்புகளை அடக்கிய ஜிப் பொதி. அதில் ஒவ்வொரு செல்லும் தனக்கென ஒரு மதிப்பு, ஒரு வகை, ஒரு காட்சி வடிவம் ஆகிய மூன்றைத் தாங்கி நிற்கிறது. திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு செல்கள் உள்ளே முற்றிலும் வேறுபட்டவையாக இருக்கலாம்.

தேதியை எடுத்துக்கொள்வோம். பணியில் சேர்ந்த நாளுக்கான நெடுவரிசையில் 01-04-2024 என்று இருக்க வேண்டியது மூன்று வகையில் இருக்க முடியும். உள்ளே 45383 என்ற எண்ணும் தேதி வடிவமும் இருந்தால் நூலகம் அதைத் தேதிப் பொருளாகத் தரும். அதே எண் தேதி வடிவத்தை இழந்திருந்தால் வெறும் 45383 வரும். யாரேனும் 01.04.2024 என்று புள்ளி வைத்துத் தட்டியிருந்தால் அது எழுத்துச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே, கிடக்கும். இவற்றைவிடக் கொடியது நான்காவது வகை. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/04/2024 என்று தட்டிய ஏப்ரல் 5ஆம் தேதி மே 4 ஆகப் பதிவாகும். 25/04/2024 என்று தட்டியதோ, 25ஆம் மாதம் இல்லாத காரணத்தால், எழுத்தாகவே நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதியாகவும் பாதி எழுத்தாகவும் இருந்து, தேதியாக இருப்பவை எல்லாமே 12ஆம் தேதிக்குள் அடங்கினால், இதுதான் நடந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தவறாகப் பதிவான செல்லைத் தனியே பார்த்து நிரலால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் மே 4ம் ஒரு நல்ல தேதியே. எனவே நிரல் நெடுவரிசை முழுவதையும் பார்த்து, தேதியும் எழுத்தும் கலந்திருந்தால் ஊகித்து மாற்றாமல் கோப்பையே திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதித்து, அதற்குச் சோதனை எழுதினேன்.

எக்செல் தானாக முன்வந்து தேதியாக்கும் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்றவர்கள் மட்டுமல்லர். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், செப்டம்பர், மார்ச் மாதங்களின் சுருக்கம்போல் இருந்த மரபணுக் குறியீடுகளை மாற்றிவிட்டதாக அறிவித்தது. எங்கள் கோப்பில் இதே சிக்கல் பிரிவு எண்ணில் வந்தது. மூன்றாம் பிரிவின் நான்காம் வரிசையைக் குறிக்கும் 3-4 என்பது தேதியாகிவிடும். அதை மீட்க வழியில்லை, அடையாளம் காட்டி நிறுத்தத்தான் முடியும்.

வங்கிக் கணக்கு எண் அடுத்தது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை வெறுமனே தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 1234567890123456 என்பது 1234567890123450 ஆகும். முன்னால் நிற்கும் பூஜ்யங்களும் மறைந்துவிடும். ஆகவே கணக்கு எண் செல் எண் வகையாக இருந்தால், அது பார்வைக்குச் சரியாகவே தோன்றினாலும், நிரல் அதை ஏற்கக் கூடாது. எழுத்து வகையாக இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும். இந்த விதி கண்டிப்பானது என்று கணக்காளர் முதலில் கருதினார். இழந்த இலக்கத்தைக் கோப்பிலிருந்து எந்த வழியிலும் கண்டுபிடிக்க இயலாது என்பதைச் செல்லைத் திறந்து காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் வர வேண்டும். அங்கே ஆங்கில எழுத்து ஓ தட்டப்பட்டிருப்பது அடிக்கடி காணப்படும் பிழை என்பதால் அதற்கும் ஒரு மாதிரி வரிசை சேர்க்கப்பட்டது.

சூத்திரங்களைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓப்பன்பைஎக்செல் சூத்திரங்களைக் கணக்கிடுவதில்லை. கோப்பை வழக்கம்போல் திறந்தால் சூத்திரத்தின் எழுத்து வடிவம் வரும். டேட்டா ஒன்லி என்ற தெரிவோடு திறந்தால் எக்செல் கடைசியாகக் கணக்கிட்டுச் சேமித்து வைத்த மதிப்பு வரும். கணக்காளரின் கோப்பில் வேலை நாள்களின் கூட்டுத்தொகை ஒரு சூத்திரம். எக்செல்லில் சேமித்த கோப்பில் அந்த மதிப்பு இருக்கும். சூத்திரத்தை மட்டும் எழுதிக் கணக்கிடாமல் விடும் வேறு மென்பொருள் உருவாக்கிய கோப்பில் ஒன்றும் இருக்காது, பைதானுக்கு, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நன் (None) என்றுதான் கிடைக்கும். பழைய நிரல் நன் வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. அதாவது, மாதம் முழுவதும் வேலை செய்தவருக்குப் பூஜ்ய நாள் சம்பளம் போகும் வழி திறந்தே இருந்தது. இதற்கு இரண்டு சோதனைகள் தேவைப்பட்டன. மதிப்பில்லாத கோப்பைச் சோதனைக்குள்ளேயே ஓப்பன்பைஎக்செல்லால் எழுதிக்கொள்ளலாம். இங்கே அந்த நூலகத்தின் குறையே நமக்கு உதவுகிறது. மதிப்புள்ள கோப்பை அப்படிச் செய்ய முடியாது. அதை எக்செல்லிலேயே கையால் தயாரித்துச் சேமித்துத்தான் ஆக வேண்டும்.

இவ்வாறு மாதிரிக் கோப்புகள் இரு வகையாகின. சோதனை ஓடும்போதே தற்காலிக அடைவில் உருவாகி மறைபவை ஒரு வகை; பைடெஸ்ட் ஒவ்வொரு சோதனைக்கும் தனி அடைவு கொடுத்துவிடுவதால் ஒன்றின் கோப்பு இன்னொன்றில் கலப்பதில்லை. எக்செல்லிலும், அதைப் போன்ற வேறொரு அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸிலும் கையால் செய்து, நிரலோடு சேர்த்தே பாதுகாக்கப்படுபவை மற்றொரு வகை. கையால் செய்த கோப்பு ஒவ்வொன்றிலும் நான்கைந்து வரிசைகளுக்கு மேல் இல்லை. ஒரு கோப்பு ஒரு கோளாறை மட்டுமே தாங்கி நிற்கும். கோப்பின் பெயரே அந்தக் கோளாறைச் சொல்லும். உண்மையான தொழிலாளர்களின் பெயரோ கணக்கு எண்ணோ எந்த மாதிரியிலும் இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். நிரலின் பிரதியைப் பலர் எடுத்துக்கொள்வார்கள். சம்பளக் கோப்பு அப்படிப் போகத் தக்க பொருள் அன்று.

பெயர்கள் தமிழில் இருப்பதால் இன்னொரு வேலையும் சேர்ந்தது. கொ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் ஆகிய இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் பைதான் இரண்டையும் வேறு வேறு சரமாகவே கருதும். இத்தகைய இரு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தைப் படிக்கும் பகுதியில் சேர்த்ததும் இது தீர்ந்தது. தீராமல் நிற்பது கௌரி, கெளரி போன்ற இணை. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் இருப்பது எகரக் கொம்பும் ளகர எழுத்தும். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது, ஒன்றாக்கவும் கூடாது. கெள என்று வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கௌ ஆக்கினால் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். ஆகவே ஆள்களைப் பொருத்துவது பணியாளர் எண்ணைக் கொண்டே நடக்கிறது. எண் பொருந்திப் பெயர் பொருந்தாவிட்டால் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்கிறது. சோதனையும் அதையே கேட்கிறது.

இணைத்த செல்களில் இடது மேல் செல்லில் மட்டுமே மதிப்பு இருக்கும் என்பதும், கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்ட வரிசைகளையும் சேர்த்தே நூலகம் கடைசி வரிசை எண்ணைச் சொல்லும் என்பதும் பலரும் அறிந்தவை. அவற்றுக்கும், கீழே மொத்தம் என்று வரும் வரிசையை ஓர் ஆளாக எண்ணிவிடாமல் இருப்பதற்கும் சிறு சோதனைகள் போதுமாயின.

வரிசைகளின் கணக்கு

படிக்கும் பகுதிக்கு எழுதியவற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒரு பொதுச் சோதனை. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், பணியாளர் எண் உள்ள வரிசைகளின் எண்ணிக்கையானது ஏற்றுக்கொண்ட பதிவுகளும் காரணத்தோடு நிராகரித்த பதிவுகளும் சேர்ந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். சத்தமில்லாமல் எந்த வரிசையும் காணாமல் போகக் கூடாது. 2020 செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடையில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரத்தை அன்றாட எண்ணிக்கையில் சேர்க்கத் தவறியது. ஆய்வகத் தரவைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றியதும், அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் இடம்பெறும் என்பதுமே காரணம். மீதி வரிசைகள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் விழுந்துவிட்டன. அந்த ஆள்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது தாமதமானது. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் வரம்பு 10,48,576 என்பதால் நம் தொழிற்கூடத்துக்கு அந்த எல்லை ஒருபோதும் வரப்போவதில்லை. ஆனால் வரிசை தொலைவதற்கு வேறு வழிகள் பல உண்டு: இடையில் ஒரு காலி வரிசை வந்ததும் படிப்பதை நிறுத்துவது, பணியாளர் எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருப்பது, வடிகட்டியில் மறைந்த வரிசையை விட்டுவிடுவது. வந்ததும் போனதும் சமமா என்ற ஒரே கேள்வி இவை எல்லாவற்றையும் பிடித்துவிடும். தொகைக்கும் இதே விதி உண்டு: வங்கிக் கோப்பின் கூட்டுத்தொகை சம்பளப் பட்டியலின் நிகரத் தொகைக்கு ஒரு ரூபாய்கூட மாறாமல் சமமாக வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் சோதனையில் மட்டும் வைக்காமல் நிரலுக்குள்ளேயும் வைத்தேன். சமமாகாவிட்டால் நிரல் கோப்பை எழுதாது.

எழுதும் பகுதி

எழுதிய கோப்பை எதிர்பார்த்த கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிடுவது பயன் தராது. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பின் பண்புகளில் மாற்றிய நேரம் பதிவாவதால், ஒரே உள்ளடக்கம் இரண்டு முறை எழுதப்பட்டாலும் பைட்டுகள் வேறுபடும். அதனால் இரண்டு கோப்புகளையும் திறந்து செல் செல்லாக ஒப்பிடும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதினேன். அது மதிப்பு, வகை, எண் வடிவம் ஆகிய மூன்றையும் பார்த்து, வேறுபாடு இருந்தால் தாளின் பெயரையும் செல் முகவரியையும், எதிர்பார்த்தது எது, கிடைத்தது எது என்பதையும் சொல்லும். சோதனை தோற்றது என்று மட்டும் சொல்லும் செய்தி நம்மை மணிக்கணக்கில் அலைய விடும். எஃப்7 செல்லில் எழுத்து வர வேண்டிய இடத்தில் எண் வந்தது என்று சொல்லும் செய்தி நேராக இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தச் செயற்கூறுக்குச் செலவிட்ட நேரத்தை வேறு எந்தச் சோதனைக்குச் செலவிட்ட நேரத்தைவிடவும் உயர்வாக மதிக்கிறேன்.

வகையைப் பார்ப்பது ஏன் இன்றியமையாதது என்பதற்குக் கணக்கு எண்ணே மீண்டும் எடுத்துக்காட்டு. நிரல் அதை எழுத்துச் சரமாக எழுதுகிறது. செல்லின் வகையும் எழுத்துதான். ஆனால் செல்லின் வடிவம் பொது என்று இருந்தால், கணக்காளர் அந்தச் செல்லுக்குள் எஃப்2 விசையை அழுத்தி நுழைந்து எதையும் மாற்றாமல் என்டரைத் தட்டினாலே எக்செல் அதை எண்ணாக்கிவிடும். வடிவம் உரை என்று இருந்தால் அது நடக்காது. எனவே வகை எழுத்தா என்பதோடு வடிவம் உரையா என்பதையும் சோதனை கேட்கிறது. தொகைச் செல்களில் இலட்சம், கோடி என்று காற்புள்ளி விழும் வடிவம் இருக்கிறதா என்பதும் இதே ஒப்பீட்டில் அடங்கிவிடுகிறது.

சம்பளப் பட்டியலின் கீழே கூட்டுத்தொகைகளைச் சூத்திரமாகவே எழுதுகிறோம்; கணக்காளர் அதைப் பார்த்துச் சரிபார்ப்பார். சூத்திரத்தின் எழுத்து சரியா என்று பார்ப்பது எளிது. அது சரியான வரிசைகளைத் தழுவுகிறதா என்று அறிய யாராவது அதைக் கணக்கிட வேண்டும். இங்கேதான் இரண்டாவது சாட்சியாக லிப்ரே ஆபிஸ் வருகிறது. அதைத் திரையில்லா முறையில் அழைத்து, நாம் எழுதிய கோப்பை அதே வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கச் சொன்னால், அது சூத்திரங்களைக் கணக்கிட்டு மதிப்புகளோடு எழுதும். அந்தக் கோப்பை டேட்டா ஒன்லி தெரிவில் திறந்து, பைதானில் கூட்டிய தொகையோடு ஒப்பிடலாம். கணினியில் ஏற்கெனவே லிப்ரே ஆபிஸ் திறந்திருந்தால் இந்த அழைப்பு சிக்கிக்கொள்ளக்கூடும். சோதனைக்கெனத் தனிப் பயனர் அடைவைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இராது. இச்சோதனைகள் மெதுவாக ஓடுபவை என்பதால் அவற்றுக்குத் தனி அடையாளம் இட்டு, அன்றாட ஓட்டத்தில் தவிர்த்து, நிரலை ஒப்படைக்கும் முன் மட்டும் ஓட்டுகிறேன்.

மூலக் கோப்பைக் கெடுக்காமல் இருப்பதும் சோதிக்க வேண்டியதே. டேட்டா ஒன்லி தெரிவில் திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்துவிட்டால் சூத்திரங்கள் அனைத்தும் அழிந்து வெறும் மதிப்புகள் மட்டும் எஞ்சும். அதுபோல, ஓப்பன்பைஎக்செல் எக்செல் கோப்பின் எல்லா உறுப்புகளையும் படிப்பதில்லை. தாளில் வரைந்து வைத்த வடிவங்கள் திறந்து சேமித்தால் காணாமல் போகும். எனவே நிரல் ஓடுவதற்கு முன்னும் பின்னும் உள்ளீட்டுக் கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) எடுத்து, இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஒரு சோதனை எழுதினேன். குறிப்பு நெடுவரிசையில் சமக்குறியோடு தொடங்கும் வாசகம் வந்தால் நூலகம் அதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும் என்பதற்கும் ஒன்று உண்டு. வங்கிக்கான சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பில்) தமிழ்ப் பெயர்கள் எக்செல்லில் சிதையாமல் தெரிய, எழுத்துக் குறியாக்கம் எது என்று சொல்லும் யூடிஎஃப்-8 அடையாளக் குறி கோப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். முதல் மூன்று பைட்டுகளைப் படித்துப் பார்ப்பதே அதற்கான சோதனை.

சோதனைகள் எழுதி முடித்ததும், அவை உண்மையிலேயே பிடிக்கின்றனவா என்று பார்க்க நிரலை வேண்டுமென்றே பல இடங்களில் கெடுத்துப் பார்த்தேன். முழுமையாக்க விதியை மாற்றுவது, ஒரு வரிசை முன்னதாகவே படிப்பதை நிறுத்துவது, கணக்கு எண்ணின் உரை வடிவத்தை நீக்குவது எனக் கெடுத்த ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது ஒரு சோதனை தோற்க வேண்டும். எந்தச் சோதனையும் தோற்காத இடங்கள் தெரியவந்தபோது, அவற்றுக்கு உரிய சோதனையைச் சேர்த்தேன்.

அதன் பிறகே பஞ்சப்படிக் கணக்கை மாற்றினேன். மாற்றிய நிரலையும் மாற்றாத நிரலையும் முந்தைய மாதங்களின் கோப்புகள் மீது ஓட்டி, மேலே சொன்ன ஒப்பிடும் செயற்கூற்றின் வழியாக இரண்டு விடைகளின் வேறுபாட்டை எடுத்தேன். பஞ்சப்படி, மொத்த ஊதியம், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., நிகரத் தொகை ஆகிய நெடுவரிசைகளிலும் அவற்றின் கூட்டுத்தொகையிலும் மட்டுமே வேறுபாடு இருந்தது. ஊதிய வரம்பான 15,000ஐ ஏற்கெனவே தாண்டியவர்களுக்கு வைப்பு நிதிப் பிடித்தம் மாறாமல் 1,800ஆகவே நின்றது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். வேறுபட்ட செல்களின் முகவரியும் பழைய, புதிய மதிப்புகளும் கொண்ட அந்தப் பட்டியலையே கணக்காளரிடம் கொடுத்தேன். அவர் தம் கால்குலேட்டரில் சிலவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகு, நிரல் அந்த மாதச் சம்பளத்துக்குப் பயன்பாட்டுக்கு வந்தது.

அச்சில் பக்கம் உடையும் இடம், கையொப்பத்துக்கான கட்டத்தின் உயரம் ஆகியவை இன்னும் கண்ணால் பார்த்தே சரிபார்க்கப்படுகின்றன. புதிய கோளாறோடு ஒரு கோப்பு வந்தால், அந்த வரிசையை மட்டும் எடுத்துப் பெயரையும் எண்களையும் மாற்றி, மாதிரிகளில் சேர்த்து, தோற்கும் சோதனையை முதலில் எழுதிவிட்டுத்தான் நிரலைத் திருத்துகிறேன்.